பவுனுவின் இடது கண்

குதிரையின் முகத்துக்கு அருகில் போய் நின்றால் முதலில் வந்து மோதுவது சூடு. ஊறவைத்த கொள்ளின் வாசமும் காய்ந்த சோளத்தட்டின் வாசமும் கலந்த, கொஞ்சம் ஈரமான அந்த மூச்சு கன்னத்தில் பட்டதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். திறக்கும்போது எனக்கு நேர் எதிரே, என் உள்ளங்கையில் பாதியை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக, பவுனுவின் கண் இருக்கும். அதற்குள் நான் இருப்பேன். என் இரட்டைச் சடை, பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரை, அதற்கும் பின்னால் கிளுவை வேலி, வேலிக்கு மேலே வானம் என்று எல்லாமே வளைந்து சிறுத்து அந்தப் பழுப்புக் கண்ணுக்குள் அடங்கியிருக்கும். மாட்டின் கண்ணிலும் இப்படித் தெரியும்தான். ஆனால் மாடு அவ்வளவு நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்காது.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நாங்கள் வெள்ளகோவிலுக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். சுற்றிலும் கொரங்காடு, அதாவது மாடு மேய்வதற்கென்றே வேலி போட்டு விட்டுவைத்த நிலம். கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. அந்த நிலமும் அதில் மேய்ந்த ஒன்பது காங்கேயம் மாடுகளும்தான் அப்பாவின் உலகம். கொம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தே மாட்டுக்கு உடம்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குச் சுற்றுவட்டாரத்தில் பேர். அப்படிப்பட்டவரின் கட்டுத்தரையில் ஒரு 'குருதை' வந்து நின்றது அம்மாவால்தான். எங்கள் பக்கத்தில் குதிரையை அப்படித்தான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் 'குதிரை' என்று எழுதும்போதெல்லாம் அது வேறு ஏதோ மிருகம் என்றே எனக்குத் தோன்றும்.

அம்மா பிறந்தது தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதிக் கரையில். அவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு குதிரையும் சவாரி வண்டியும் உண்டு. என் மாமா அதையெல்லாம் விட்டுவிட்டு டிராக்டர் வாங்கியபோது, அங்கே மிஞ்சியிருந்த செவலைப் பெட்டைக்குட்டி ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. அம்மா போய் அதைக் கேட்டு வாங்கி, கையில் பிடித்தபடி நடந்தே வந்துவிட்டாள். மறுநாள் அப்பா, பாலும் கறக்காத, ஏரும் இழுக்காத இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அம்மா, குட்டி வளர்ந்ததும் அதை வண்டியில் பழக்கி, தினமும் 'வெடியால', பொழுது விடியும்போதே, பால் கேன்களைச் சொசைட்டியில் இறக்கி, அதே வண்டியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திரும்பும்போது புண்ணாக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்தாள். சேலை கட்டிய பெண் ஒருத்தி கடிவாளம் பிடித்துத் தார் ரோட்டில் போவதை முதலில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள்; பிறகு அவர்களுக்கே பழகிவிட்டது. பவுனு என்ற பேரும் அம்மா வைத்ததுதான். பேசும்போது 'அது' என்று சொல்லமாட்டாள், 'அவ' என்றுதான் சொல்வாள்.

எனக்கோ பவுனுவின் கால்களும் பிடரியும் ஓட்டமும்கூட இரண்டாம் பட்சம்தான். என்னைக் கட்டிப்போட்டது அவள் கண். நம் கண்ணின் பாவை வட்டமாக இருக்கிறது. அவளுடையது படுக்கைவசத்தில் நீண்டிருக்கும். உச்சி வெயிலில் அது ஒரு கோடாகச் சுருங்கும். பொழுது சாயும்போது மெல்ல மெல்ல அகன்று கண் முழுவதையும் கறுப்பாக்கிவிடும். அந்தப் பாவையின் மேல் விளிம்பில் கறுப்பாக, எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் போல, சில மணிகள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவை கீழே விழுந்துவிடும் என்று வெகுநாள் காத்திருந்தேன், விழவேயில்லை. மூக்கோரத்திலிருந்து சில சமயம் ஒரு மெல்லிய தோல் கண்ணின் குறுக்கே ஓடி மறையும். இமைக்குள் இன்னோர் இமை. இதையெல்லாம் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீவனத் தொட்டியின் மேல் ஏறி நின்றுகொள்வேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நின்று பெய்தது. கொரங்காட்டுப் பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் தேங்கி, பொழுது சாய்ந்ததும் கொசு மேகம் போலக் கிளம்பும். அப்பா மாடுகளுக்காக வேப்பந்தழையைப் போட்டுப் புகை மூட்டுவார். பவுனுவின் கொட்டகை மாட்டுக் கொட்டகையை ஒட்டியே இருந்தது; நடுவில் ஒரு தட்டிதான்.

கார்த்திகை பிறந்த சமயம், ஒரு காலை வேளையில், பவுனுவின் இடது கண்ணில் அதைப் பார்த்தேன். முதலில் அவள் கண்ணில் ஏதோ நூல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். நூல் போகவில்லை. கண்ணின் மேலே அல்ல, உள்ளே இருந்தது அது. அந்தக் கண்ணாடித் தோலுக்கும் பழுப்பு வளையத்துக்கும் இடையில் இருக்கிற தெளிந்த நீரில், வெள்ளிக் கம்பியை இழுத்து மெலித்தது போன்ற ஒன்று, வளைந்து, எட்டு எழுதி, அவிழ்ந்து, மறுபடி வளைந்து நீந்திக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாவையின் கறுப்புக்குள் நுழைந்து காணாமல் போய்விட்டது. கால் மரத்துப்போகும்வரை காத்திருந்தேன். அது மறுபடி வந்தது.

எங்கள் தோட்டத்து வடமூலையில் ஒரு புற்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அங்கே பால் ஊற்றுவாள். அந்தப் புற்றில் இருக்கிறவர்தான் தன் குட்டியைப் பவுனுவின் கண்ணில் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது. வெளியில் சொன்னால் மறைந்துவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். உலகத்தில் வேறு யாருக்கும் காட்டாமல் எனக்கு மட்டும் காட்டப்பட்ட ஒன்று அது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு கோடு போட்டேன். தினமும் காலையில் வண்டி பூட்டும் முன் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை என்று அந்த நீச்சலைப் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் ஏதோ பூத்தது போன்ற ஒரு நிறைவோடு திரிந்தேன். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வாக்கில் பவுனுவின் அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தது. எட்டாம் நாள் வெயிலுக்கு அதை இடுக்கிக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்தும், அது சாமியின் வேலைதான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, ஓடைப் பாலத்துக்கு முன்னால் ரோட்டின் இடது ஓரத்தில் இருந்த மைல்கல்லைப் பவுனு பார்க்கவில்லை. சக்கரம் கல்லின் மேல் ஏறி வண்டி சாய்ந்தது. கேன்கள் உருண்டு பால் முழுதும் மண்ணில் ஓடியது. நான் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தேன். அம்மா இறங்கிப் பாலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பவுனுவின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இடது கண் பாதி மூடியிருந்தது. கண்ணீர் வடிந்து கன்னத்து மயிரில் ஒரு தடமே விழுந்திருந்தது. திறந்திருந்த பாதியில், தண்ணீரில் நாலு சொட்டுப் பால் விட்டது போல நீலம் பாரித்துக் கிடந்தது. வழக்கமாக நான் கண்டுவந்த எதுவும் அந்த மூட்டத்துக்குள் தெரியவில்லை.

அன்று மாலை அப்பா பக்கத்து ஊரிலிருந்து மாட்டு வைத்தியக்காரரைக் கூட்டிவந்தார். அவர் உப்பையும் வெற்றிலையையும் மென்று பவுனுவின் கண்ணில் ஊதப் பார்க்க, அவள் தலையை உதறி அவரைத் தட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள். கண்ணில் 'பூ' விழுந்துவிட்டது, கண்ணுக்குக் கீழே இரண்டு சூடு இழுத்தால் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இருந்தது. அவர் மாடுகள் இரண்டுக்கு அப்படிச் சூடு போட்டுப் பூ கரைந்திருக்கிறது, அல்லது தானாகவே கரைந்திருக்கிறது. அம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சூடு போட்டும் நிக்கலீன்னா என்னங்க பண்றது?"

அப்பா வேப்பந்தழையை எடுத்துக்கொண்டு புகை மூட்டப் போய்விட்டார்.

ஒருநாள் இடைவிட்டு, வெள்ளிக்கிழமை, அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சமைத்துவிட்டு, புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு, பவுனுவை வண்டியில் பூட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். ரோட்டின் இடது ஓரத்தில், பவுனுவின் குருட்டுப் பக்கமாக, அவள் தோளை ஒட்டியபடியே அம்மா நடந்தாள். மூன்று மைலும் நான் பின்னால் நடந்தேன். சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒவ்வொரு மரத்தடியிலும் தோன்றியது. அடுத்த மரம் வரட்டும் என்று நடந்தேன்.

அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. 'பொம்பளை டாக்டரு மாட்டுக்கு என்ன பாக்கும்' என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அவர் பவுனுவின் முகத்தைத் தடவிக்கொடுத்து, டார்ச்சை அடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கறுப்புத் துணி கொண்டுவந்து, தன் தலையையும் பவுனுவின் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, அந்த இருட்டுக்குள் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வெகுநேரம் நின்றார். அவர் வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது. பயம் என்று அதைச் சொல்ல முடியாது. தொட்டியின் மேல் ஏறி நின்று நான் பார்த்த முதல் நாள் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அம்மாவைத் துணிக்குள் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா பார்த்துவிட்டு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே உயிரோடு ஒரு புழு இருக்கிறது, அதை எடுக்காவிட்டால் கண் போய்விடும், எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். முந்தாநாள் வண்டி சாய்ந்ததிலிருந்துதான் என்றாள் அம்மா. இரண்டு நாள்தான் என்றால் அவசரமில்லை, நாமக்கல்லில் இருக்கும் கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, லாரி பிடித்து அனுப்பலாம், ஒரு வாரம் பொறுக்கலாம் என்று டாக்டர் யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார். எழுதிக் கேட்பது, லாரி, ஒரு வாரம் என்று ஒவ்வொரு சொல்லாக என் காதில் விழுந்தது.

"பதனோரு நாளுங்க," என்றேன்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார்.

"நான் தெனமும் பாத்தேனுங்க. நீந்திக்கிட்டு இருந்துச்சு. நோட்டுல கோடு போட்டு வெச்சிருக்கறேன்."

அம்மா என்னைத் திட்டவில்லை. முன்பின் தெரியாத ஒரு குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அதைவிட அவள் அடித்திருக்கலாம்.

டாக்டர் மட்டும் குனிந்து என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். எந்த நேரத்தில் தெரியும், எந்தப் பக்கம் போய் ஒளியும், ஒன்றா இரண்டா, தண்ணீர் வடிந்தது என்றைக்கு. நான் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் இதை ஒரே ஒரு தடவை பாத்திருக்கேம்மா. படிக்கிறப்போ, பின் வரிசையில நின்னு. என் கையால செஞ்சதில்லை. தப்பாப் போனா நானே கண்ணைக் கெடுத்தமாதிரி ஆயிடும். அதையும் உங்ககிட்ட சொல்லிடணும்."

"சும்மா உட்டாலும் போயிருமுங்களா?"

"போயிடும்."

"அப்பறம் என்னங்க. நாளைக்கே செஞ்சுபோடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டர் தன் பழைய பேராசிரியரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். பழகிய இடத்தில்தான் குதிரை அடங்கி நிற்கும், காலையில் நானே தோட்டத்துக்கு வருகிறேன் என்றார். வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் ஊசியை விடுவதா என்று மட்டும் கேட்டார். பிறகு, செய்வதானால் செய்துகொள்ளுங்கள், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொரங்காட்டுக்குள் இறங்கி நடந்தார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு டாக்டர் மொபெட்டில் வந்தார். ஆஸ்பத்திரி உதவியாளர் சைக்கிளில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். குதிரையைச் சாய்த்துக் கால்களைக் கட்டுவதற்குக் கயிறும் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா வேண்டாம் என்றாள். சாய்த்தால்தான் பயந்து புரளுவாள், என் தோளில் தலையை வைத்தால் நிற்பாள் என்றாள். உதவியாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பவுனுவைப் பார்த்தார். கயிறு பெட்டிக்கே திரும்பிப் போனது.

கழுத்தில் ஓர் ஊசி போட்டதும் பவுனுவின் தலை தாழ்ந்து கீழுதடு தொங்கியது. இமை மூடாமலிருக்கப் புருவ மேட்டில் இன்னோர் ஊசி. கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து. அம்மா அவளுடைய வலது கண்ணைத் தன் முந்தானையால் மூடி, அந்தப் பெரிய தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, காதுக்குள் பேச ஆரம்பித்தாள். ஏதாவது மந்திரமோ வேண்டுதலோ என்று நான் உற்றுக் கேட்டேன். சொசைட்டியில் நேற்று யாருடைய பால் தண்ணீராக இருந்தது, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று சாதாரண ஊர்க்கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் டார்ச் வெளிச்சம் போதவில்லை. வெளிச்சம் பலமாக இருந்தால்தான் பாவை சுருங்கும், பாவை சுருங்கினால்தான் புழுவுக்குப் பின்னால் ஓடி ஒளிய வழி அடைபடும், முன்பக்கத்தில் அது தங்கியிருக்கும் நேரத்தில்தான் எடுக்க முடியும் என்று டாக்டர் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் குதிரை மிரளும். புது பேட்டரி வாங்க வெள்ளகோவிலுக்குத்தான் போக வேண்டும். அதற்குள் மருந்தின் வேகம் இறங்கிவிடும்.

அப்போது கொட்டகையின் மண்சுவரில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. நடுங்கிக்கொண்டே சுவரில் ஏறி, தாவி, பவுனுவின் கன்னத்துக்கு வந்து, அங்கிருந்து கண்ணுக்குள் போய் நின்றது. திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயிலில், முகச்சவரம் செய்துகொள்ளும் கண்ணாடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார்.

"இது போதுமுங்களா?"

"போதும். அசைக்காதீங்க."

அதற்குப் பிறகு அந்த ஒளி நடுங்கவில்லை. நீல மூட்டத்தையும் தாண்டி அது உள்ளே இறங்க, பாவை கோட்டைக் கதவு சாத்துவது போல மேலும் கீழும் நெருங்கி ஒடுங்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் அது அகப்பட்டுக்கொண்டது. நான் அத்தனை நாள் தவம் போலப் பார்த்த அதே வெள்ளிக் கம்பி, இப்போது போக்கிடம் இல்லாமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. டாக்டர் ஒருமுறை தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு கறுப்பும் வெள்ளையும் சேர்கிற கீழ் ஓரத்தில் ஊசியின் முனையை வைத்து, ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்தார். கண்ணீரைவிடத் தெளிந்த நீர் பீறிட்டு வந்தது. அந்த நீரோடு அதுவும் வந்து, டாக்டரின் மணிக்கட்டில் விழுந்து, அந்த வெளிச்சத்தில் நெளிந்தது. என் சுட்டுவிரல் நீளம்கூட இல்லை. பவுனு ஒரு காலைக்கூட எடுத்து வைக்கவில்லை. அம்மா ஊர்க்கதையை நிறுத்தவில்லை.

நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். என் ஊரும் வானமும் அடங்கியிருந்த அந்த உருண்டை, வற்றிய திராட்சை போல மடிந்து உள்ளே போயிருந்தது. எல்லாம் போயிற்று, நான்தான் செய்தேன் என்று நினைத்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கு வேண்டிய தண்ணீரைக் கண்ணே ஊற்றிக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் பொறு என்றார். நான் நம்பவில்லை. கிணற்றில்தான் தண்ணீர் ஊறும். கண்ணில் எப்படி ஊறும்?

தண்ணீர்த் தொட்டியில் டாக்டர் கை கழுவியபோது, மருந்துக் குப்பியில் போட்டு வைத்திருந்த புழுவை அப்பா வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். டாக்டர் தட்டிக்கு அந்தப் பக்கம் அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகளைக் காட்டினார். மாட்டின் வயிற்றில் இந்தப் புழு வாழும், அங்கே அது மாட்டுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை, மாட்டைக் கடித்த கொசு குதிரையைக் கடிக்கும்போது அதன் குஞ்சு குதிரைக்குள் போய்விடும், வயிற்றுக்குப் போகத் தெரியாமல் உடம்பெல்லாம் அலைந்து கடைசியில் கண்ணுக்கு வந்து சேரும் என்றார். அப்பா தன் ஒன்பது மாடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ற மாட்டுலிருந்துங்களா?"

"மாட்டு மேலயும் தப்பில்லீங்க. புழு மேலயும் தப்பில்லை. அது வழி தவறி வந்துடுச்சு."

அப்பா வெகுநேரம் அந்தக் குப்பியைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் வந்த வைத்தியக்காரருக்கு அவரே எதிரே போய், விஷயத்தைச் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த வாரத்திலேயே பவுனுவின் கொட்டகையைப் பிரித்து, வீட்டுக்குக் கிழக்கே, மாடுகளிலிருந்து தள்ளிக் கட்டினார். அங்கேயும் தினமும் ஒரு வேப்பம்புகை எழுந்தது.

கண்ணைத் துணியால் மூடி வைத்திருந்தோம். மூன்று வேளை சொட்டு மருந்து. மூன்றாம் நாள் காலை மருந்து விடுவதற்காக அம்மா துணியை விலக்கியபோது நானும் எட்டிப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. மங்கலாக, வெள்ளை பூத்திருந்தாலும், முழு உருண்டையாக நிறைந்திருந்தது. யாரும் ஊற்றாத தண்ணீர். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய அணைகளையும் அருவிகளையும் பார்த்துவிட்டேன். தண்ணீரைக் கண்டு அப்படி ஒருநாளும் நான் நின்றதில்லை.

வெண்மை விலக ஒரு மாதம் ஆயிற்று. பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா சத்தமே இல்லாமல் பவுனுவின் இடது பக்கமாகப் போய், உள்ளங்கையில் கொள்ளை வைத்து நீட்டினார். அவள் காதைத் திருப்பவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. தலையை நேராக அந்தக் கைக்குத் திருப்பி, கொள்ளை எடுத்துக்கொண்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புக்கு மண் பூசிக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அத்தனை நாளும் அவள் என்னிடம் அந்த விஷயத்தைப் பேசவில்லை. அன்று தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான், சடையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ பாத்தது தப்பில்ல கண்ணு. பாத்துப்போட்டுச் சும்மா இருந்ததுதான்."

அவ்வளவுதான். கணக்கு நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் நான் கிழிக்கவில்லை.

பவுனு அதற்குப் பிறகும் பல வருஷம் வண்டி இழுத்தாள். ஊசி இறங்கிய இடத்தில் சீரகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி நின்றுவிட்டது. அதைத் தவிர அந்தக் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. நான் கோயமுத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வயதாகி இறந்துபோனாள். பரீட்சை முடியட்டும் என்று வீட்டில் எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் அதற்கு வெகுகாலம் முன்பே எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். டீக்கடைப் பேச்சு எப்போதோ நின்று, அவர் போன நாளில் மாட்டுக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு வரை போய் வழியனுப்பினார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பாவும் இப்போது இல்லை. தோட்டத்தை விற்கவில்லை, ஆனால் கொரங்காட்டில் சூரிய மின்தகடுகள் வரிசையாக நிற்கின்றன. மாடுகள் இல்லை, தேங்கிய பள்ளங்கள் இல்லை, புற்று இருந்த இடத்தில் கம்பிவேலி. பால் எடுக்க வேன் வந்து, அந்த வேனும் நின்றுபோயிற்று. அம்மா எங்களோடு கோயமுத்தூரில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள்.

மாலையில் அவளைக் கீழே நடக்கக் கூட்டிப்போவேன். எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு தெரு நாய், குட்டியிலிருந்து அங்கேயே வளர்ந்தது. காவல்காரர் சோறு போடுகிறார். போன வாரம் அம்மா அதன் முன்னால் மெதுவாக உட்கார்ந்து, தாடையைப் பிடித்துத் தூக்கி, முதலில் இடது கண்ணையும் பிறகு வலது கண்ணையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் அசையாமல் நின்றது. என்னம்மா பார்க்கிறீர்கள் என்று காவல்காரர் கேட்டார். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்குதுங்க."